ஏரிக்கு எதற்குத் தண்ணீர்?

ஒரு நிலத்தை முழுமையாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதிலிருந்து குறைந்தது எழுநூறு கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இந்த மாபெரும் உண்மையைக் கண்டறிய மனிதகுலத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடித்தன. அதுவரை மக்கள், பாவம், வயலுக்குள் இறங்கி, மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்து, உப்புக் கரிக்கிறதா என்று பார்க்கும் நாகரிகமற்ற வழக்கத்தில் உழன்றுகொண்டிருந்தார்கள். அமு நதி பாயும் ஹொரெஸ்மின் தாஷ்யாப் மாவட்டம் அந்த இருளிலிருந்து மீண்டது, அங்கே 'மாவட்டத் தொலையுணர்வுப் பிரிவு' திறக்கப்பட்ட பிறகுதான். பயிரையும் மண்ணையும் வானத்திலிருந்தே பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அந்தப் பிரிவில் ஒருவர் செருப்பிலும் இதுவரை மண் ஒட்டியதில்லை. அதன் துல்லியத்துக்கு வேறு சான்று தேவையா?

அந்தத் துல்லியத்தின் முதல் பயனாளி அனாபீபி.

அவள் நிலம் வாய்க்காலின் கடைமடையில் இருந்தது. கணவன் ருஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய்விட்டதால், அவளும் கொழுந்தன் எகம்பெர்கனும் சேர்ந்துதான் பருத்தி போட்டார்கள். அந்தப் பக்கத்து மண் குளிர்காலம் முடியும்போது உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும். மார்ச் மாதத்தில் வயல் நிறையத் தண்ணீர் கட்டி, உப்பைக் கழுவி இறக்கினால்தான் விதை முளைக்கும். ஊரே செய்கிற வேலை. ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் வரும். மற்றவர்கள் வயலெல்லாம் ஊறி உலர்ந்து, அவள் வயலில் மட்டும் தண்ணீர் தளும்பி நின்ற நாளாகப் பார்த்துச் செயற்கைக்கோள் அந்த வழியாகப் போனது. போனது சும்மா போகாமல் படமும் எடுத்துக்கொண்டு போனது.

மறுவாரம் பிரிவின் இயக்குநர் பொலாத்ஜான் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். பச்சைத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, எழுந்து நின்று கைகுலுக்கினார்.

"வாழ்த்துகள் அக்கா! உங்க நிலம் ஏரியாயிடுச்சு."

"என்ன ஆயிடுச்சு?"

"ஏரி! படத்துல நீலமா வந்திருக்கு பாருங்க. நாடெல்லாம் ஏரி வத்திக்கிட்டிருக்கற காலத்துல நம்ம மாவட்டத்துல ஒண்ணு புதுசா முளைச்சிருக்குன்னு தலைநகரத்துலேருந்தே பாராட்டு வந்திடுச்சு."

"தம்பி, அது ஏரி இல்ல. உப்புக் கழுவத் தண்ணி கட்டியிருந்தேன். போன மாசம் உங்க அம்மாவும் அதத்தான செஞ்சாங்க?"

"சரி. உப்ப எத வெச்சுக் கழுவுனீங்க?"

"தண்ணிய வெச்சுத்தான்."

"பாத்தீங்களா? நீங்களே ஒத்துக்கறீங்க."

"அந்தத் தண்ணிய மண்ணு குடிச்சிடுச்சுப்பா. வேணும்னா வந்து பாருங்க."

பொலாத்ஜான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய பணிக்காலத்தில் இப்படி ஒரு யோசனையை யாரும் சொன்னதில்லை. "வந்து பாக்கறதா? கிட்டப் போய்ப் பாத்தா கண்ணு ஏமாத்தும் அக்கா. அதுக்குத்தான அரசாங்கம் மேலேருந்து பாக்குது?"

"அப்ப அந்தப் படத்தத் திருத்துங்க."

"படத்தத் திருத்த முடியாது. நிலத்த வேணா திருத்திக்கலாம்."

வெளியே மரத்தடியில் காத்திருந்த எகம்பெர்கன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "இது என்ன பிரிவு அண்ணி?"

"தொலையுணர்வுப் பிரிவு."

"நேர்மையான ஆளுங்க. உணர்வத் தொலைச்சிட்டோம்னு பேர்லயே போட்டிருக்காங்களே!"

ஏப்ரலில் விழா நடந்தது. மரியாதைக்குரியவர்களுக்கு அணிவிக்கும் பொன்சரிகை மேலங்கியைப் போர்த்தி, அனாபீபியை 'ஏரிப் பொறுப்பாளர்' ஆக்கினார்கள். அவள் அன்று காலைதான் அந்த ஏரியில் பருத்தி விதைத்துவிட்டு வந்திருந்தாள். நகத்தில் மண் இருந்தது. மேடையில் அதைப் பார்த்த மீன்வளத்துறை ஆய்வாளர், ஏரியில் தூர் வாருகிறாள் போலும் என்று நெகிழ்ந்துபோனார்.

"இலையுதிர் காலத்துல கெண்டை எவ்வளவு குடுப்பீங்க?" என்று கேட்டார்.

"நெறையவே குடுப்பேன். ஆனா எங்க ஏரி மீனு வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கும். செடியிலதான் காய்க்கும்."

ஆய்வாளர் 'புதிய இனம்' என்று குறித்துக்கொண்டார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மீன்வளத்துறைக்கு ஏரியாகிவிட்ட அதே நிலம் பருத்திப் பிரிவுக்கு இன்னும் பருத்தி வயலாகவே இருந்தது. ஒரே நிலம் இரண்டு அரசுப் பதவிகளை வகித்தது. குறித்த அளவுக்குப் பருத்தி குறைந்தால் அரசு நிலக் குத்தகை ரத்து என்று பருத்திப் பிரிவினர் சொல்லிவிட்டுப் போனார்கள். குத்தகை போனால் அந்தக் குடும்பத்துக்கு நிற்க இடமில்லை.

ஜூனில் செடி எழும்பி வயல் பச்சையானது. செயற்கைக்கோள் அதையும் பார்த்தது. தாவரங்களின் பச்சையை இலை இலையாக அளந்து சொல்லும் கருவி அதில் இருந்தது. அளந்ததில் குறையே இல்லை. ஏரியில் பச்சை தெரிந்தால் அது நீர்க்களை என்ற முடிவுக்கு மட்டும் கருவியை எதிர்பார்க்காமல் அலுவலகமே வந்துவிட்டது. களையை அகற்றும்படி உத்தரவு வந்தது. உத்தரவோடு ஒரு படகும் வந்தது.

லாரியிலிருந்து இறக்கிய படகை வயலின் நடுவில் வைத்துவிட்டு, துடுப்பு இரண்டையும் எகம்பெர்கன் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

"பருத்திய நீர்க்களைங்கறாங்களே, இது அடுக்குமாடா?" என்றாள் அனாபீபி.

"ஆகாயத்துலேருந்து பாத்தா எல்லாம் ஆகாயத்தாமரையாத்தான் தெரியும் அண்ணி. விடுங்க." அவன் படகுக்குள் கோரைப்பாய் விரித்து, துடுப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தான். மத்தியானத் தூக்கத்துக்கு அதைவிட வசதியான இடம் தாஷ்யாப்பில் இல்லை. பக்கத்து வயல் பெண்கள் போகிறபோதும் வருகிறபோதும், "மாலுமி, கரை எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஜூலை வந்தது. அந்த ஆண்டு அமு நதியில் தண்ணீர் குறைவு. அதனால் நெல் பயிரிட வசந்த காலத்திலேயே மாவட்டம் முழுவதும் தடை போட்டிருந்தார்கள். தடையில் கையெழுத்துப் போட்டவர் மாவட்டத் துணைத்தலைவர் மத்கரீம் ஐயா. நெல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று அவர் வானொலியில் பேசியதைக் கேட்டுப் பலர் கண்கலங்கினார்கள். பருத்திக்கு மட்டும் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள்.

அனாபீபியின் பருத்தி பூத்திருந்தது. இந்த நேரத்தில் ஒரு தண்ணீர் பாய்ச்சாவிட்டால் பூவும் மொட்டும் மொத்தமாக உதிர்ந்துவிடும். தன் முறை எப்போது என்று கேட்க நீர்ப்பங்கீட்டு அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு முறை இல்லீங்க."

"ஏன் இல்ல?"

"உங்களுது ஏரின்னு போட்டிருக்கு. ஏரிக்கு எதுக்குங்க தண்ணி?"

"அதுல தண்ணி இல்லியே!"

"அப்ப அது ஏரியே இல்லியே."

"அதத்தானய்யா நானும் சொல்றேன்!"

"அத நீங்க எங்கிட்ட சொல்லி என்ன ஆகும்? தொலையுணர்வுல சொல்லுங்க." ஜன்னல் மூடிக்கொண்டது.

அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு பொலாத்ஜானிடம் போனாள். போகிற வழியில் வாய்க்காலைப் பார்த்தாள். மேல்மடையில் இடுப்பளவு ஓடிய தண்ணீர் கீழே வர வர முழங்காலுக்கு இறங்கியிருந்தது. நடுவில் எங்கே போகிறது?

இயக்குநர் அறையின் சுவரில் மாவட்டப் படம் அகலமாகத் தொங்கியது. கடைமடையில் அவளுடைய நீலச் சதுரம். சுற்றிலும் பச்சை, பழுப்பு. வாய்க்காலின் நடுவாக்கில் மட்டும் பெரிதாக ஒரு வெள்ளைப் பட்டை.

"இது என்ன தம்பி?"

"அதா? மேகம். மேகம் மறைச்சா கீழ இருக்கறது தெரியாது. அதனால அந்த எடத்த வெள்ளையா விட்டுடுவோம். அறிவியல்ல இத ஒத்துக்கறாங்க."

"எப்பலேருந்து நிக்குது இந்த மேகம்?"

"மே மாசத்துலேருந்து."

அனாபீபி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். வானம் கழுவித் துடைத்த தட்டுப்போல் கிடந்தது. ஹொரெஸ்மில் ஜூலையில் மேகத்தைப் பார்த்ததாகச் சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

"மேகத்துக்கு நாலு பக்கமும் கோடு போட்டாப்ல வரப்பு இருக்குமா தம்பி?"

பொலாத்ஜான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். குரல் இறங்கியது. "அக்கா, சில மேகம் வானத்துலேருந்து வரும். சில மேகம் மேலிடத்துலேருந்து வரும். இது ரெண்டாவது. எனக்கும் புள்ள குட்டி இருக்கு."

அனாபீபி நேரே வீட்டுக்குப் போய், படகில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவனை எழுப்பி, இரண்டு மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டாள்.

"எங்க அண்ணி?"

"மேகத்துக்கு."

மேகத்தைச் சுற்றி நாணல் தட்டி கட்டியிருந்தது. உள்ளே நுழைந்தார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். தவளைகள் கச்சேரி வைத்துக்கொண்டிருந்தன. கொக்குகள் மரியாதையோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தன. மாவட்டத்தின் உண்மையான ஏரி இதுதான் என்று அந்தக் கொக்குகளுக்கு யாரும் படம் காட்ட வேண்டியிருக்கவில்லை. கடைமடைப் பெண்கள் குடத்துத் தண்ணீரை வாய்க்கு அளந்து குடித்துக்கொண்டிருந்த கோடை அது. அனாபீபிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பந்தலில் உட்கார்ந்து முலாம்பழம் தின்றுகொண்டிருந்த காவலாளி இஸ்மத் ஓடிவந்தான்.

"ஏய்! யாரு நீங்க? யார் வயல்னு தெரியுமா? மத்கரீம் ஐயா வயலு!"

"வயலா?" என்றாள் அனாபீபி. "என்ன வயல்?"

"கண்ணு தெரியல? நெல்லு வய..." இஸ்மத்தின் வாயில் பழம் அப்படியே நின்றது.

"நெல்லா? நெல்லு போடக்கூடாதுன்னு ஐயாவே கையெழுத்துப் போட்டிருக்காரே. அவரு தடைய அவரே மீறினாருன்னா சொல்ற? எகம்பெர்கன், ஒரு காகிதம் எடு. இவரு எழுதிக் குடுப்பாரு."

"எழுதறதெல்லாம்... எதுக்குங்க..."

"அப்ப இது என்ன?"

இஸ்மத் நெல்லைப் பார்த்தான், தவளையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். "மேகம்னு சொல்றாங்க" என்றான்.

"மேகத்துக்கு எதுக்குய்யா காவல்?"

"காத்தடிச்சுக் கலைஞ்சிடக்கூடாதுன்னுதான்" என்று எகம்பெர்கன் அவனுக்காகப் பதில் சொன்னான்.

இஸ்மத் கொஞ்சம் யோசித்தான். அவனுக்கும் கடைமடையில் ஒரு மாமியார் இருந்தாள். அவளும் பருத்தி போட்டிருந்தாள். "நான் எதையும் பாக்கலீங்க" என்றான். "மேகத்துக்குள்ள நின்னா எதுத்தாப்ல வர்றது தெரியாது." பிறகு போகிற போக்கில், "அந்த மூலையில வெட்டுங்க. வரப்பு அங்கதான் மெலிசு" என்று சொல்லிவிட்டு முலாம்பழத்திடம் திரும்பினான்.

வெட்டினார்கள். பட்டப்பகலில், ஒளியாமல் மறையாமல். தண்ணீர் வாய்க்காலில் விழுந்து கடைமடைக்கு ஓடியது. அதோடு தவளைகளும் போயின. பருத்திப் பாத்திகளில் தண்ணீர் ஏறியபோது அனாபீபி வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எகம்பெர்கன் படகில் ஏறி நின்று துடுப்பை வீசிப் பாட்டுப் பாடினான். படகு மிதக்கவில்லை. ஆனாலும் அவன் இறங்கவில்லை. பூ ஒன்றுகூட உதிரவில்லை.

அடுத்த படம் வந்தது. கடைமடை ஏரி நிரம்பியிருந்தது. மேகம் வாடியிருந்தது. அன்று காலையிலேயே அனாபீபிக்கு ஆள் வந்துவிட்டது. இயக்குநர் அறைக்குள் அவள் போனபோது மத்கரீம் ஐயா நாற்காலியில் உட்கார முடியாமல் உலாத்திக்கொண்டிருந்தார்.

"இவதான்! இவதான் என் தண்ணிய வெட்டி விட்டவ! எழுதுடா!"

பொலாத்ஜான் பேனாவைத் திறந்தார். "எழுதிக்கறேங்க. தண்ணி எங்க இருந்துச்சுன்னு போடட்டும்?"

"என் வய..." ஐயா நின்றார்.

"மேகம்" என்று பொலாத்ஜான் பணிவாக எடுத்துக் கொடுத்தார்.

"ஆமா, மேகம்! மேகத்துல இருந்த தண்ணிய இவ கீழ எறக்கிட்டா!"

பொலாத்ஜான் எழுதினார். எழுதியதைத் தானே படித்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. அறிவியலுக்காகத் தன்னை அர்ப்பணித்தவர் அல்லவா? "ஐயா, இது மழைங்க! ஹொரெஸ்ம்ல ஜூலை மழை! தலைநகரத்துக்குத் தெரிஞ்சா நமக்கு இன்னொரு பாராட்டு வரும்!"

"மழையாவது மண்ணாவது! திருட்டுன்னு எழுதுடா, திருட்டு!"

எல்லாரும் அனாபீபியைப் பார்த்தார்கள். அவள் பருத்தி தண்ணீர் குடித்துவிட்டிருந்தது. இனி யாரும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

"நல்லா எழுதச் சொல்லுங்க ஐயா. ஆனா வெவரமா எழுதச் சொல்லுங்க" என்றாள். "மேகத்துலேருந்து தண்ணி ஊருக்கு வந்தா அதுக்குப் பேரு மழை. ஊருத் தண்ணி மேகத்துக்குப் போச்சு பாருங்க, அதுக்குத்தான் பேரு திருட்டு."