இளஞ்சிவப்பு எனக் கருதப்படும் பச்சை

ஐயா, ஆசிட்டை நிறுத்தியது நீர்தான். உம் பெயர் தெரியாது, எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறீர் என்பதும் தெரியாது. யாரைக் கேட்டாலும் விரலை மேலே காட்டுகிறார்கள். மேலே பார்த்தால் மின்விசிறி சுற்றுகிறது. இருந்தாலும் நீர்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு இல்லையென்று சொல்லும், பார்ப்போம்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் பொங்கல் கழிந்த கையோடு, சேரப்பணஞ்சேரிப் பிள்ளைகள் சைக்கிள் மிதித்துப் போய்ப் படிக்கிற மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் என்று எழுதி ஒட்டினால் எதுவும் விலை போகும். குன்றத்தூரில் கம்ப்யூட்டர் ஜாதகம். படப்பை சலூனில் கம்ப்யூட்டர் கட்டிங். உள்ளே அதே பழைய கத்தரிக்கோல். நம் பள்ளிக்கூடத்தில் மட்டும் இல்லையென்றால் ஊர் மானம் என்னாவது என்று பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் கோதண்டம் கிளம்பினார். கத்தரிக்காய் மண்டிக்காரர், பேரம் பேசியே ஆளானவர். ஒரகடம் ரோட்டுப் பெயிண்ட் கம்பெனியில் வாட்ச்மேனில் தொடங்கி மேனேஜர் வரை சண்டை போட்டு, மூலையில் கிடந்த ஒரு கம்ப்யூட்டரை வாங்கிவிட்டார். ஏன் மூலையில் கிடந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

மேனேஜர் கூடவே ஒரு பிளாப்பியும் கொடுத்தார். "கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிற ப்ரோக்ராம். எழுதினவர் காசு வாங்கறதில்லை. யார் வேணும்னாலும் காப்பி எடுத்துக்கலாம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

கோதண்டத்துக்குக் கை கால் ஓடவில்லை. விலை இருந்தால் குறைக்கலாம். விலையே இல்லாததில் எதைக் குறைப்பது? அப்படியே வாங்கிக்கொண்டு போனால் நாளைக்கு மண்டியில் எவன் மதிப்பான்?

"சரி, கொசுறு இன்னா தர்ற?"

 மேனேஜர் அதே ப்ரோக்ராமை இன்னொரு பிளாப்பியில் ஏற்றிக் கொசுறாகக் கொடுத்தார்.

திறப்பு விழாவில் கம்ப்யூட்டருக்கு மாலை, சந்தனம், குங்குமம். பிளாப்பிக்கு நெற்றி எதுவென்று தெரியாததால் தலைமையாசிரியர் நடு ஓட்டையில் பொட்டு வைத்தார். அது அன்றோடு கண்ணை மூடியது. கொசுறுதான் ஓடியது. "அன்னிக்கிக் கேட்டு வாங்கினது யாரு?" என்று கோதண்டம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வேதியியல் டீச்சர் மெர்சி பிளஸ் டூ பிள்ளைகளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். செருப்பெல்லாம் வாசலில். திரையில் குடுவை நிறைய ஆசிட். அதற்கு மேலே ப்யூரெட் என்கிற, குழாய் வைத்த கண்ணாடிக் குழல். விசையைத் தட்டினால் ஒரு சொட்டுக் காரம் விழும். சரியான சொட்டில், நிறங்காட்டி கலந்த அந்த ஆசிட் இளஞ்சிவப்பாக மாறும். அங்கே நிறுத்த வேண்டும். அந்தத் திரைக்கோ பச்சையைத் தவிர வேறு நிறமே தெரியாது. குடுவை பளீரென்று பச்சையானது.

"இது சிவப்புன்னு நினைச்சுக்கோங்க பிள்ளைங்களா. அடுத்த வாரம் லேப்ல நிஜமாவே பார்க்கலாம்" என்றார் மெர்சி.

அதற்குள் கல்வி அதிகாரி பரசுராமன் பார்வையிட வந்தார். அவரும் செருப்பைக் கழற்றினார்.

"இதுல எவ்வளவு ஆசிட் செலவாகுது?"

"கம்ப்யூட்டர்ல எப்படி சார் செலவாகும்?"

"தீராத ஆசிட்னு சொல்லுங்க."

அவர் மேலே எழுதினார். நீர் கீழே உத்தரவு போட்டீர். 'மேற்படி பள்ளிக்குக் கணிப்பொறி வாயிலாக அமிலம் கட்டணமின்றியும் குறைவின்றியும் கிடைக்கப்பெறுவதால், இதர அமிலம் உடனடியாக நிறுத்தப்படுகிறது.' இருந்த ப்யூரெட்டுகளும் கம்ப்யூட்டர் இல்லாத ஓர் ஏழைப் பள்ளிக்கு வண்டியேறின. நிறம் தப்பாகத் தெரிகிறது என்று மெர்சி முறையிட்டார். அதற்கும் பதில் வந்தது: 'இனி பச்சை நிறமானது இளஞ்சிவப்பு எனக் கருதப்படும்.'

மெர்சி மண்டிக்கே வந்துவிட்டார். "தலைவரே, ஒரே ஒரு பாட்டில் ஆசிட்டுக்காவது நீங்க சண்டை போடணும். உங்க பொண்ணு மஞ்சுளாவும் இந்த வகுப்புதான்."

"இன்னா டீச்சர், ஊரே கம்ப்யூட்டர்னு ஓடுது, நீங்க பாட்டிலப் புடிச்சிக்கினு நிக்கிறீங்க? கைல பட்டா பொத்துப்பூடும். இதுல செருப்பத் தவுர எதையும் கழட்ட வேணாம்."

செய்முறைத் தேர்வு வந்தது. எல்லாரும் விசையைத் தட்டினார்கள், எல்லாரும் பச்சையைக் கண்டார்கள், எல்லாருக்கும் முழு மார்க். கோதண்டம் பள்ளி முழுக்க லட்டு கொடுத்தார்.

ஆனி மாதம் அதே பெயிண்ட் கம்பெனி லேபுக்கு ஆள் எடுத்தது. மஞ்சுளாவுக்கு அந்த வேலை வேண்டும். கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று அவள் அம்மா மீனம்மாள் மாப்பிள்ளையே பார்த்து வைத்திருந்தாள். டெஸ்ட் ஒன்றுதான்: ப்யூரெட்டைத் திற, நிறம் மாறினால் நிறுத்து.

கோதண்டம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார். குடுவை அழகாக ரோஸாக மாறியது. மகள் நிறுத்தவில்லை. ரோஸ் கருஞ்சிவப்பானது. நிறுத்தவில்லை. குழல் காலியாகி, மேனேஜரே வந்து கையைப் பிடித்தார்.

"ஏம்மா நிறுத்தலை?"

"இன்னும் பச்சை ஆகலையே சார்."

கோதண்டம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "உன் கம்ப்யூட்டர்தான்யா அதுக்கு அப்படிக் கத்துக்குடுத்துச்சி."

"அதனாலதாங்க அதை மூலையில போட்டோம். பெயிண்ட் கம்பெனிக்குப் பச்சை ஒண்ணு தெரிஞ்சாப் போதுமா? நீங்கதான் சண்டை போட்டு எடுத்துக்கினு போனீங்க, கொசுறோட." பிறகு மஞ்சுளாவைப் பார்த்து, "ஆடிக் கடைசியில இன்னொரு டெஸ்ட் இருக்கும்மா. கையால பழகிட்டு வா" என்றார்.

பஸ்ஸில் மஞ்சுளா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "நைனா, இதையே வேல கெடச்ச மாதிரி கருதச் சொல்லி ஒரு ஆர்டர் வாங்கிக் குடேன்."

 மறுநாள் காலையில் கோதண்டம் மண்டியைத் திறக்காமல் பரசுராமன் ஆபீசுக்குப் போனார். பரசுராமன் விரலை மேலே காட்டினார்.

ஐயா, ஆடி பாதி போய்விட்டது. கோதண்டம் இன்னும் அந்த மாடிப்படியில்தான் நிற்கிறார், ஆயுசில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல். ஒரு பாட்டில் ஆசிட், ஒரு ப்யூரெட். இறங்கி வந்து கொடுத்துவிட்டுப் போம். கொசுறு எதுவும் வேண்டாம்.