இரண்டு பாயிண்ட் கழிவு

காதலிக்கிற காலத்தில் யாரும் கெர்னல் கோடு எழுதக் கூடாது. கவிதை எழுதலாம், கடிதம் எழுதலாம், பிடிக்கவில்லையென்றால் கிழித்துப் போடலாம். கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிவயிறு. அங்கே அரை மனசோடு எழுதிய ஒரு வரி பேசாமல் உட்கார்ந்திருக்கும். பிறகு நாற்பது விவசாயிகள், ஒரு மேனேஜர், பெற்ற தகப்பன், இத்தனை பேர் முன்னால் நம்மை நிறுத்தி மானத்தை வாங்கும். என் மானத்தை அப்படித்தான் வாங்கியது.

அப்போது நான் பெங்களூரில் ஒரு சில்லு கம்பெனியில் வேலை பார்த்தேன். வெளியுலகத்தில் சூடு, எடை, மின்னழுத்தம் எல்லாம் தன் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் புரியாது, எண்ணாகக் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்ளும். அப்படி எண்ணாக மாற்றித் தருகிற சில்லுக்கு டேட்டா கன்வர்ட்டர் என்று பெயர். எங்கள் கம்பெனியில் அந்த மாதிரி நாற்பது சில்லுகள். நாற்பதுக்கும் நாற்பது பேர் தனித்தனியாக டிரைவர், அதாவது சில்லைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கிற நிரல், எழுதி வைத்திருந்தார்கள். ஒருத்தர் வோல்ட்டில் சொல்லுவார், இன்னொருத்தர் மில்லிவோல்ட்டில் சொல்லுவார், மூன்றாமவர் எதில் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது (அவர் வேலையை விட்டுப் போயே மூன்று வருஷம்).

இதையெல்லாம் ஒரே வழிக்குக் கொண்டுவர ஒரு பொதுச் சட்டகம் வேண்டும் என்று மீட்டிங்கில் வாயைத் திறந்தேன். "நீயே எழுது செல்வி" என்றார் மேனேஜர். என் யோசனை எளிமையானது. ஒவ்வொரு சில்லின் டிரைவரும் தனக்குக் கிடைத்த எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதைப் பெருக்கி, திருத்தி, சரியான அளவாக்கி வெளியே கொடுப்பது எல்லாருக்கும் பொதுவான நடுப்பகுதி. அந்த நடுப்பகுதியில் ஒரு தப்பு நடந்தால் நாற்பதும் சேர்ந்து தப்பாகும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. நானே கரும்பலகையில் படம் போட்டு எல்லாருக்கும் விளக்கியிருந்தேன்.

சரி, காதலுக்கு வருகிறேன். ஆனந்த் என்று ஒருத்தன். சென்னைக்காரன், எனக்குப் பக்கத்து மேசை. தினமும் நாலு மணிக்கு என் நாற்காலியை ஒரு தட்டுத் தட்டி "டீ?" என்பான். எதிரே தள்ளுவண்டிக் கடையில் இருபது நிமிஷம். மூன்று வருஷமாக அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் மீதி நேரமெல்லாம் வேலை பார்த்தேன். அவனிடம் சொன்னேனா? நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் நைனார்பாளையத்துப் பெண். மனசில் இருப்பதை வாயால் சொல்லுவது எங்கள் வீட்டுப் பழக்கத்திலேயே கிடையாது. என்றைக்காவது அவனே கண்டுபிடிப்பான் என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் மத்தியக் கல்லூரிகளில் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு இட ஒதுக்கீடு தரப் போகிறார்கள் என்று செய்தி வந்து, வடக்கே டாக்டர்களும் மாணவர்களும் எதிர்த்துப் போராட ஆரம்பித்தார்கள். எங்கள் ஆபீசிலும் சூடு பிடித்தது. ஒரு காலையில் பாதிப் பேர் சட்டையில் கறுப்பு ரிப்பன் குத்திக்கொண்டு வந்தார்கள். ஆனந்தும் குத்தியிருந்தான்.

"நான் சாதிச் சான்றிதழைக் காட்டித்தான் படிச்சேன், தெரியுமில்ல?" என்றேன்.

"ஐயோ, உன்னைச் சொல்லலைப்பா" என்றான். "நீ நல்லா வேலை செய்யற பொண்ணு."

அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு டைப் அடித்தேன். அன்றைக்கு நாலு மணிக்கு நாற்காலியில் தட்டு விழவில்லை. மறுநாளும் இல்லை. அவன் கூப்பிட வேண்டும் என்று நான் இருந்தேன். எனக்குக் கோபம் ஆற வேண்டும் என்று அவன் இருந்திருப்பான். நாலு மணி ஆனால் முதுகு தானாக நிமிர்ந்து கவனிக்கும். வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

இந்த நிலைமையில்தான் சட்டகத்தை எழுதி முடித்தேன். முதல் சோதனைக்கு மரவள்ளிக்கிழங்கை எடுத்துக்கொண்டதும் என் யோசனைதான். எங்கள் பக்கம் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்களில் கிழங்கைத் தண்ணீரில் முக்கி எடை பார்த்து, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று சொல்லுவார்கள். அந்தப் பாயிண்டை வைத்துத்தான் விலை. அதையே எங்கள் சில்லை வைத்து மெஷினாகச் செய்தால் என்ன? மேனேஜர் குஷியாகிவிட்டார். அப்பா மில்லில் லோடு இறக்கிய கையோடு, அதே கிழங்கில் ஒரு மூட்டையைப் பெங்களூர் பஸ்ஸில் போட்டு அனுப்பினார். "மில்லுல இருவத்தாறு பாயிண்ட் வந்துச்சு பாப்பா, உன் மெசினுலயும் அதே வருதா பாரு" என்று போனில் சொன்னார்.

ஆபீஸ் பேன்ட்ரியில் பக்கெட் வைத்து, கோட் மாட்டுகிற ஸ்டாண்டில் கிழங்கைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். இருபத்தெட்டு வந்தது. பத்துத் தடவை பார்த்தேன். பத்துத் தடவையும் இருபத்தெட்டு. அப்பா பொய் சொல்ல மாட்டார், மில் தராசும் தப்புக் காட்டாது. ஆக, சில்லுதான் இரண்டு ஜாஸ்தி காட்டுகிறது என்று தீர்ப்பெழுதி, இரண்டைக் கழிக்கிற ஒரு வரியை, கழிவு என்றே பெயரிட்டு, சேர்த்தேன். சேர்க்கும்போது மணி நாலு. ஆனந்த் என் நாற்காலியைத் தாண்டி டீக்கடைக்குத் தனியாகப் போனான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே எழுதியதில், எடை டிரைவரில் போட வேண்டிய வரியை நடுப்பகுதியில் போட்டுவிட்டேன். அந்தச் சோதனையில் எல்லாம் சரியாக வந்ததால் மேலே பார்க்கவுமில்லை.

மெஷினை விவசாயிகள் முன்னால் ஓட்டிக் காட்டுகிற நாள் வந்தது. கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு மில். நாங்கள் ஐந்து பேர் வேனில் போனோம். ஆனந்தும் வந்தான், சட்டையில் ரிப்பனோடு. என் ஊர்ப் பக்கம் அவன் வருகிறான் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. வழியெல்லாம், மெஷின் ஜெயித்தால் அவன் என்ன சொல்லுவான் என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தேன். "நீ நல்லா வேலை செய்யற பொண்ணு" என்பதில் சமாதானம் சொல்லுகிற தொனி போய், சாதாரணமாக "நல்லா செஞ்சிருக்க" என்று வர வேண்டும். பிறகு நாலு மணிக்கு டீ. நான் கேட்டது அவ்வளவுதான்.

மலையிலிருந்து இறங்கிய டிராக்டர் லோடுகள் வரிசையாக நின்றன. முதல் லோடு என் அப்பாவுடையது. மகள் மெஷினில் முதல் கிழங்கு தன் காட்டுக் கிழங்காக இருக்க வேண்டும் என்று விடியும்போதே வந்து நின்றிருந்தார், வெளுத்த வேட்டி சட்டையில்.

மில்லில் பாயிண்ட் பார்க்கிறவர் ராமலிங்கம். முதலில் தன் தராசில் பார்த்தார், பிறகு மெஷினில் பார்த்தார்.

"இன்னாம்மா, எங்க தராசுல இருவத்தெட்டு வருது. உன் மெசினு இருவத்தாறுதான் காட்டுது?"

"மெஷின்தாங்க கரெக்ட்" என்றேன். (இதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.)

"செரி, கம்பெனி மெசினே சொன்னா செரிதான்" என்று இருபத்தாறு எழுதினார். எழுதிவிட்டு, வழக்கப்படி அதில் இரண்டு கழித்தார். "மண்ணுக் கழிவு ரெண்டு. இருவத்திநாலு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிழங்கில் ஒட்டிய மண்ணுக்காக மில்லில் எப்போதும் இரண்டு கழிப்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் கழிவுக்கு முந்தைய பாயிண்டைச் சொல்லியதே இல்லை, கழித்தது போக வந்ததுதான் பாயிண்ட். அப்பா சொன்ன இருபத்தாறு கழித்த பிறகு வந்தது. கன்வர்ட்டர் காட்டிய இருபத்தெட்டு சரிதான். உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் இன்ஜினியரும் செய்ய முடியாத தப்பு அது. அதைச் செய்ய மரவள்ளி போடுகிற வீட்டில் பிறந்திருக்க வேண்டும்.

"இன்னா ராமலிங்கம், இருவத்திநாலா?" என்றார் அப்பா. "போன வாட்டி இதே காட்டுக் கெயங்கு இருவத்தாறு வந்துச்சே?"

"என்னை இன்னாத்துக்குக் கேக்கற? உம் பொண்ணு மெசினக் கேளு."

அப்பா என்னைப் பார்த்தார். பின்னால் மலைக்காரர் ஒருத்தர், பக்கத்திலிருந்தவரிடம் சொல்லுவது போல எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "பெத்த அப்பனுக்கே ரெண்டு பாயிண்ட் புடிக்கிது. நம்மள வுட்டுடுமா?"

சிரிப்பும் கூச்சலுமாகக் கூட்டம் நெருங்கியது. மேனேஜர் பேச்சை மாற்ற, "வேற அளவெல்லாம் காட்டு செல்வி" என்றார். தண்ணீரின் சூட்டைக் காட்டினேன், இரண்டு டிகிரி கம்மி. பேட்டரியைக் காட்டினேன், பன்னிரண்டு வோல்ட் பேட்டரி பத்து என்றது. ஆபீசில் கரண்டில் ஓட்டியதால் அங்கே இது தெரியவில்லை. பேட்டரியை அளக்கும்போது பத்து வோல்ட் வந்தால் ஆபத்து, தானாக நிறுத்திக்கொள் என்று நானே வேறொரு புத்திசாலித்தனம் செய்து வைத்திருந்தேன். மெஷின் "பேட்டரி கம்மி" என்று எழுதிக் காட்டிவிட்டு அணைந்தது. மாற்றுப் பேட்டரி போட்டோம். அதுவும் கம்மி. ஒருத்தர் இரக்கப்பட்டுத் தன் டிராக்டர் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தார். அதுவும் கம்மி.

"நேத்திக்கிதான் வாங்கிக்கினு வந்தேன்" என்றார் அவர், ரொம்ப மனசு கஷ்டப்பட்டு. "கடைக்காரன் ஏமாத்திட்டான் போலக்குது."

கடைக்காரரை அடிக்கக் கிளம்பியவரை ராமலிங்கம் பிடித்து உட்கார வைத்தார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் டீமில் ஒருத்தன் ஆங்கிலத்தில், மெதுவாக, ஆனால் என் காதில் விழும்படி சொன்னான்: "கோட்டா கோடு."

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆனந்தைப் பார்த்தேன். அவன் கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து என் கோடைப் படித்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை. சிரித்திருந்தால் செத்திருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "இங்க கழிவுன்னு ஒண்ணு எழுதியிருக்கியே, என்னது? சாக்கடைக் கழிவா?" என்று கேட்டான். விளக்கினேன். கேட்டுவிட்டு மேனேஜரிடம் திரும்பினான். "சார், டிசைன் நல்லா இருக்கு. ஒரு வரிதான் தப்பு. நம்ம நாற்பது டிரைவரும் இதுலதான் உட்காரணும்." என்னிடம் இல்லை, மேனேஜரிடம்தான் சொன்னான். கோட்டா என்று சொன்னவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். எனக்கு அது போதும், போதும் என்று இருந்தது, போதவும் இல்லை.

அந்த வரியைத் தூக்கியதும் மெஷின் இருபத்தெட்டு காட்டியது. ராமலிங்கம் இரண்டு கழித்து இருபத்தாறு எழுதினார். அப்பா வேட்டியை உதறிக்கொண்டு, "வூட்டுக்கு வாங்க, கோயி அடிச்சிக்கிது" என்று எல்லாரையும் கூப்பிட்டார்.

எங்கள் வீட்டில் வரிசையாக உட்கார்ந்து கோழிக் குழம்புச் சோறு சாப்பிட்டார்கள். அம்மா பரிமாறிக்கொண்டே வந்து ஆனந்தின் ரிப்பனைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாருங்க தம்பி தவறிட்டாங்க?"

"யாரும் இல்லீங்கம்மா."

"அப்ப கயட்டி வெச்சிட்டுச் சாப்புடுங்க. கொயம்புல படுது பாருங்க."

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு நான் பார்த்த வரையில் அதைக் குத்திக்கொள்ளவே இல்லை. குழம்புக்காகக் கழற்றினானா, எனக்காகக் கழற்றினானா என்று இன்றுவரை தெரியாது. திரும்பும்போது வேனில் ஜன்னல் கம்பியில் தலை வைத்துத் தூங்கிப்போனான். மலை பின்னால் மறைகிறவரை நான் மலையைப் பார்ப்பது போல அவனைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸ். சட்டகத்தை வரி வரியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கே அனுப்பிவிட வேண்டும், இனி எவனும் கோட்டா என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று ஒரு வெறி. நாலு மணிக்கு நாற்காலியில் ஒரு தட்டு விழுந்தது.

"டீ?"

ஒரு மாதமாக நான் காத்திருந்த அந்த ஒரு எழுத்து. திரும்பாமல், "அஞ்சு நிமிஷம் ஆனந்த், இதை முடிச்சிட்டு வரேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றான். போய்விட்டான். நான் முடித்தபோது ஆறரை. கீழே ஓடினேன், வண்டிக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு வேலைக்கு அவனுக்கு ஆர்டர் வந்திருந்ததும், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டான் என்பதும் மறுநாள் மேனேஜர் சொல்லித் தெரிந்தது. அவன் அதற்குள் சென்னைக்குப் பஸ் ஏறியிருந்தான். போனில் வாழ்த்துச் சொன்னேன். "சட்டகம் அருமையா வந்திருக்கு செல்வி" என்றான்.

அதில்தான் இன்றைக்கும் அந்தக் கம்பெனி ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். எனக்குக் கள்ளக்குறிச்சியிலேயே மாப்பிள்ளை பார்த்தார்கள், நல்ல மனுஷன். எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் இந்தக் கதை வந்துவிடும். என் வயசைக் கேட்டால் "கழிவு போகவா, கழிவோடவா?" என்பார் அப்பா. டிராக்டர் பேட்டரி வரை வந்ததும் வீட்டுக்காரர் சொல்ல முடியாமல் சிரிப்பார், மகள் மீதியை முடிப்பாள். கதை அவர்களுக்கு அங்கேயே முடிந்துவிடும். நானும் சிரிப்பேன், உண்மையாகவே சிரிப்பு வரும்.

டீ கதையை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு எழுந்து போயிருக்கலாம். அந்தக் கோடு எங்கேயும் ஓடிப்போயிருக்காது.