பிசிர் வெட்டிய தங்கதுரை

அந்த நூலைத் தங்கதுரை வெட்டியிருக்கவே வேண்டாம். கை சும்மா இருந்தால்தானே! பனியன் கம்பெனிக்காரன் கை அது. துணியில் பிசிர் தொங்கினால் கத்தரி தானாகப் போய்விடும்.

தலைப்பிரசவத்துக்குக் கணியூருக்குத் தாய்வீடு போன மனைவி கீதாஞ்சலி, "ஏனுங்க, நான் வர்ற வரைக்கும் இதை மட்டும் தொட்றாதீங்க" என்று சொல்லித்தான் அந்தப் பின்னலைப் பீரோவில் வைத்தாள். கம்பெனி மிச்ச நூலில் கொக்கி ஊசியால் பின்னியது, கோடு கோடாக. நீளம் இருந்தது, அகலம் ஒரு சாண்தான். பிறக்கப்போகும் பிள்ளைக்குப் போர்வை! அகலத்தை வந்து பின்னிக்கொள்வாள் என்று பூரித்துப்போனான்.

தொடாமல் இருந்தானா? எடுத்தான். நுனியில் நூல் தொங்கியது. வெட்டினான். ஒரு கண்ணி அவிழ்ந்தது. அதைச் சரிசெய்ய இழுத்தான். சரசரவென்று ஒரு கோடே காணாமல் போனது. முடிச்சுப் போட்டான்; அது அடுத்த கோட்டையும் இழுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் மடியில் வெறும் நூல் சிக்கல்தான் கிடந்தது.

"போச்சு! கீதா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கொக்கி ஊசிப் பின்னல் தெரிந்த செக்கிங் செக்‌ஷன் ஞானாம்பாள் முன்னால் போய் நின்றான்.

"அக்கா, எனக்குக் கொக்கி ஊசில பின்னச் சொல்லிக் குடுங்க."

"ஏந்தம்பி, அத்தாம்பெரிய நிட்டிங் மெஷினை ஓட்டற ஆளு, உனக்கெதுக்கு இந்த ஊசி?"

சொன்னான். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள்.

பழைய நூல் துண்டுதுண்டாகியிருந்ததால் போதவில்லை. ஸ்டோர் அர்த்தநாரி, கோன்களில் மிஞ்சிய நூலையெல்லாம் சுருட்டிக் கொடுத்தார். "கிளிப்பச்சையும் ஆரஞ்சுந்தான் இருக்குது. பிள்ளைக்குன்னா எடுத்துட்டுப் போப்பா."

பின்னப் பின்ன ஓரம் விரிந்துகொண்டே போனது. குறைத்தான், நடுவில் உப்பிக்கொண்டது. உப்பலை மறைக்கச் சுற்றிலும் கரை பின்னினான்.

"தம்பி, இது பிள்ளைக்கா, மாட்டுக்கா?" என்றாள் ஞானாம்பாள்.

"வளர்ற பிள்ளைதானுங்கக்கா."

கம்பெனி போனுக்குச் செய்தி வந்தது. பெண் குழந்தை! ஞானாம்பாள் போர்வையைத் துவைத்து மடித்துக் கொடுத்தாள். அர்த்தநாரி முதலாளியிடம் பேசி லீவு வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸில் உட்கார்ந்து நினைக்க நினைக்கத் தங்கதுரைக்குக் கண் கலங்கியது. கூடப் பிறந்தவர்கள்கூட இப்படிச் செய்வார்களா? இவர்களுக்கெல்லாம் என்ன கைம்மாறு செய்யப்போகிறோம் என்றிருந்தது. கீதாவிடம் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்த கையோடு ஒப்புக்கொண்டுவிட்டான்.

"கீதா, திட்டாத. நீ பிள்ளைக்குப் பின்னுன போர்வையை நான் அவுத்துத் தொலைச்சுட்டேன். இது நானே பின்னுனது."

அவள் வாங்கிப் பிள்ளைக்குப் போர்த்தினாள். மிச்சம் அவள் காலையும் மூடியது. சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர்.

"இத்தனையும் உங்க கையாலயாங்க?" போர்வையின் கரையைத் தடவிப் பார்த்தாள்.

பக்கத்தில் பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்த மாமியார் சென்னம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ளைக்குங்களா? மாப்ள, காத்தால குளிர்ல வண்டில வேலைக்குப் போறீங்கன்னு அவ உங்களுக்குத்தானுங்க மஃப்ளர் பின்னிட்டிருந்தா!"