மணியைக் கழற்றியது நான்தான்

காராஷ்யோக்,
டிசம்பர் 9

என்றும் என் மதிப்புக்குரிய பிக்கா அக்காவுக்கு, உன் ஒரே தம்பி பியேரா எழுதுவது. இங்கே நானும் மகள் சுன்னாவும் நாயும் சுகம். மான்கள் எங்களைவிடச் சுகம். அங்கே அல்தாவில் உன் சுகத்தையும், மச்சானின் இடுப்பு வலி எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் அறிய ஆவல். நீ அனுப்பிய காய்ந்த மீன் வந்து சேர்ந்தது. பாதியை நாய் தின்றுவிட்டது. அந்த நாயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதற்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

விஷயம் என்னவென்றால் அக்கா, நீ உடனே உன் கைப்பட சுன்னாவுக்கு ஒரு கடிதம் போட வேண்டும். உன் அப்பாவுக்கு முழங்கால் சரியில்லை, சின்ன வயதிலிருந்தே சரியில்லை, அவனைச் சாயங்காலத்தில் வெளியே நிறுத்தாதே என்று எழுது. நீ முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். பெற்ற அப்பன் சொல்லை நம்பாதவள் அத்தை சொல்லை நம்புவாள்.

சுன்னா ஏப்ரலில் ஆஸ்லோ வேலையை விட்டுவிட்டு வந்தது உனக்குத் தெரியும். வந்தவள் ஒரு சிவப்புப் பெட்டியை நடையில் வைத்தாள். வைத்தது வைத்தபடியே இருக்கிறது. துணியை அதிலிருந்து எடுக்கிறாள், உடுத்துகிறாள், துவைத்து மடித்து மறுபடி அதிலேயே வைக்கிறாள். விமானத்தில் கட்டிய சீட்டுகூட இன்னும் கைப்பிடியில் தொங்குகிறது. எட்டு மாசமாக நான் தினமும் அதில் இடித்துக்கொள்கிறேன், ஒரு நாளும் "இதை உள்ளே எடுத்து வையேன்" என்று சொன்னதில்லை. சொன்னால் எடுத்துக்கொண்டு போயே விடுவாளோ என்று பயம். மானை மட்டும் நம்பி இரண்டு பேர் காலம் தள்ள முடியாது என்று அவள் சொல்வதும் நியாயம்தான். அதற்கு அவள் கண்டுபிடித்த வழி மாலைச் சுற்றுலா. ஐந்து மணிக்கு பஸ்ஸில் ஆட்கள் வருவார்களாம், மானுக்குத் தீனி போடுவார்களாம், சறுக்குவண்டியில் ஒரு சுற்று, கூடாரத்தில் மான்கறிக் குழம்பு, மான் மேய்க்கும் நம் சாமி இனத்து ஜனங்களின் கதை, நம் யோய்க் பாட்டு, கடைசியில், இதைத்தான் கேள் அக்கா, வெளியே வந்து அதைப் பார்ப்பார்களாம். அதைத்தான். வானத்தில் பச்சையாக ஆடுமே, அது. துருவ ஒளி என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாள். நானாக இருந்தால் அந்தப் பெயரை எழுதியிருக்கவே மாட்டேன்.

அதற்கு ஏன் பயப்படுகிறாய் என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், நீ மட்டும் கேட்கக் கூடாது. அது ஆடும்போது சத்தம் போடக் கூடாது, மான் கழுத்து மணியைக் கழற்றிவிட வேண்டும், விசிலடித்தால் இறங்கி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அம்மா நமக்குச் சொன்னாள். எனக்கு ஆறு வயசு, உனக்குப் பத்து. விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று நீ இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தாய். அடித்த கையோடு அண்ணாந்து பார்த்து, "நான் இல்ல, பியேராதான் அடிச்சான்! ஏரிக்கரை வீட்டு பியேரா!" என்று விலாசத்தோடு சொல்லிவிட்டு ஓடினாய். அன்றிலிருந்து ஐம்பத்து மூன்று வருஷம், அது வந்தால் நான் வீட்டுக்குள். என் கல்யாணத்தன்றுகூட அது வந்தது. எல்லோரும் முற்றத்தில், மாப்பிள்ளை மட்டும் அடுப்படியில்.

இந்தச் செவ்வாய்க்கிழமை முதல் கூட்டம் வந்தது. எட்டுப் பேர். அதில் ஏழு பேர் ஊர் பார்க்க வந்தவர்கள். எட்டாவது தோருன் என்கிற அம்மாள், துரோம்சோவில் பயண நிறுவனம் நடத்துகிறவள். அவளுக்குப் பிடித்தால் குளிர்காலம் முழுக்க ஆள் அனுப்புவாள். பிடிக்காவிட்டால் புத்தாண்டு கழிந்ததும் ஆஸ்லோவுக்குப் போய்விடுவதாகச் சுன்னா சொல்லிவிட்டாள். மத்தியானம் எனக்கு நீலச் சட்டையை மாட்டி இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டே, "அப்பா, இன்னைக்கு ஒரு நாள் கொஞ்சம் மனுஷன் மாதிரி இரு" என்றாள். "சிரிக்கணுமா?" என்று கேட்டேன். "ஐயோ வேண்டாம், பயந்துடுவாங்க" என்றாள். நான் வெளியே போய் ஆண்டவரிடம் இரண்டு வேண்டுதல் வைத்தேன். அந்த அம்மாளுக்கு எல்லாம் பிடிக்க வேண்டும். வானத்தில் கட்டி மேகமாகப் போட வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்பது வேண்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

வந்தவர்களுக்கு முதலில் கயிறு வீசிக் காட்டினேன். நட்டுவைத்த கொம்பைப் பார்த்துத்தான் வீசினேன், அது போய் பஸ்ஸின் கண்ணாடியில் மாட்டியது. அதுதான் வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள், நானும் மறுக்கவில்லை. அடுத்து ஒரு ஜெர்மனிக்காரர் என் தோளில் கைபோட்டு, "உங்ககிட்ட எத்தனை மான் இருக்கு?" என்று கேட்டார். அக்கா, பாங்கில் எவ்வளவு பணம் என்று கேட்கிற மாதிரி, முன்பின் தெரியாத ஆளிடம் கேட்கிற கேள்வியா இது? நம் அப்பா பாதிரியாருக்கே சொன்னதில்லை. "மரத்துக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்" என்றேன். அவர் உடனே நோட்டை எடுத்து, "எந்த மரம்?" என்றார். சுன்னா என் காலை மிதித்தாள்.

வீட்டிலிருந்து ஒரு மைல் தள்ளிப் போட்ட கூடாரத்துக்குள் போய்க் குழம்புப் பானையைச் சுற்றி உட்கார்ந்த பிறகு தோருன் அம்மாளே கேட்டாள், "உங்களுக்குன்னு ஒரு யோய்க் இருக்குமாமே, அதப் பாடுங்களேன்." தன் யோய்க்கைத் தானே பாடுவது தன் போட்டோவுக்குத் தானே மாலை போடுகிற மாதிரி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மறுக்கவும் முடியாது, பாடவும் முடியாது. அவசரத்துக்கு வாயில் வந்தது நாயின் யோய்க்தான். நாலு மடக்கு பாடியிருப்பேன். தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால் யார்தான் வராமல் இருப்பார்கள்? வெளியே கட்டியிருந்த நம் நாய் முஸ்தி, முளையைப் பிடுங்கிக்கொண்டு முளையோடு உள்ளே பாய்ந்து, என் மடியில் ஏறி, அங்கிருந்து பானையில் இறங்கிவிட்டது. குழம்பு பாதி தரையில், மீதி ஜெர்மனிக்காரர் மேல். சுன்னா முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, நீ வெளிய போ. வண்டி மானப் பாத்துக்கோ. நான் கூப்பிடற வரைக்கும் உள்ள வராத" என்றாள். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெளியே வந்தேன். நம் ஒற்றைக்கொம்பன் வண்டியோடு நின்றிருந்தான். அண்ணாந்து பார்க்கிறேன், ஒரு துளி மேகம் இல்லை. ஏரிக்கு மேலே, ஓரமாக, அது வந்துவிட்டிருந்தது. முதலில் மெலிசாக, அப்புறம் பாதி வானத்துக்கு. உள்ளே யாருக்கும் தெரியாது. நான் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும், அரை மணியில் பஸ் கிளம்பிவிடும். சிந்திய குழம்பைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் தோருன் அம்மாள் போவாள். அந்தச் சிவப்புப் பெட்டியும் போகும். கால் என்னை வீட்டுப் பக்கம் இழுத்தது அக்கா, பொய் சொல்லவில்லை, இரண்டு அடி வைத்தும்விட்டேன். அப்புறம் நடையில் பெட்டி இல்லாத இடத்தை நினைத்துப் பார்த்தேன். எதிலும் இடித்துக்கொள்ளாமல் உள்ளே போகிற வீடு எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. திரும்பி வந்து, அம்மா சொன்னபடி முதலில் ஒற்றைக்கொம்பனின் மணியைக் கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். பிறகு கூடாரத் திரையை விலக்கி, "வந்திருக்கு" என்றேன்.

எல்லோரும் எழுந்து ஓடிவந்தார்கள். நான் வாசலை மறித்து, சுன்னாவை மொழிபெயர்க்கச் சொல்லி, கண்டிப்பாகச் சொன்னேன்: "யாரும் பேசக் கூடாது. கையாட்டக் கூடாது. கத்தக் கூடாது. விசில், மூச்! நான் சொல்ற வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது." என் முகத்தைப் பார்த்து நிஜமாகவே பயந்துவிட்டார்கள். எட்டுப் பேரும் தேவாலயத்தில் நிற்பதுபோல் நின்றார்கள். தோருன் அம்மாள் வண்டியில் ஏறி உட்கார்ந்து மான்தோல் போர்வையை முழங்கால்வரை இழுத்துக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்சம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தேன். அப்புறம் இன்னொன்றையும். நன்றாகத்தான் இருக்கிறது அக்கா. ஐம்பத்து மூன்று வருஷத்தில் இவ்வளவு நேரம் நான் அதைப் பார்த்ததில்லை. பக்கத்தில் சுன்னா நின்றாள், சின்னப் பிள்ளையாக இருந்தபோது இருந்த அதே முகம். இவள் போகக் கூடாது என்று அப்போது வாய்விட்டுச் சொல்லியிருப்பேன், பேசக் கூடாது என்ற சட்டத்தைப் போட்டவனே நானாகிப் போனதால் சொல்லவில்லை.

அது மங்கிய பிறகு "இனி பேசலாம்" என்றேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சுன்னா மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள். "ஏழு. அப்பா, ஏழு பேர்தான் இருக்காங்க. தோருன் எங்க? வண்டி எங்க?" வண்டியும் இல்லை, மானும் இல்லை, அம்மாளும் இல்லை. எனக்கு அப்போதுதான் சட்டைக்குள் மணி குத்தியது. கழுத்தில் மணி இருக்கிறவரை ஒற்றைக்கொம்பன் கட்டாமலே நிற்பான். மணியைக் கழற்றினால் வேலை முடிந்தது, வீட்டுக் கொட்டகைக்குப் போய்ப் பாசி தின்னலாம் என்று அவனுக்கு அர்த்தம். அப்படிப் பழக்கியவன் நான்தான். மணி இல்லாத மான் பனியில் போனால் யாருக்குக் கேட்கும்?

பைன் மரங்களுக்கு நடுவே சுன்னாவும் நானும் ஓடினோம். மூச்சு வாங்க அவள் சொன்னது: "முடிஞ்சுது அப்பா. எல்லாம் முடிஞ்சுது." வீட்டுப் பின்பக்கம் போனால், கொட்டகை வாசலில் ஒற்றைக்கொம்பன் தலையைச் சாக்குக்குள் விட்டுத் தின்றுகொண்டிருக்கிறான். வண்டியில் நேராக உட்கார்ந்து, புருவத்தில் உறைபனியோடு, கையில் ஒரு பிடி பாசியோடு, தோருன் அம்மாள். எங்களைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்து வானத்தைக் காட்டி, கிசுகிசுவென்று கேட்டாள்: "இப்ப பேசலாமா?"

ஒரு மைல் தூரம் இருட்டில், தன்னை மான் கடத்திக்கொண்டு போகிறது என்று தெரிந்தும், நான் சொன்னேன் என்பதற்காக அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. பேசலாம் என்றதும் முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு சுன்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இருபது வருஷமா ஆளுங்கள இதப் பாக்கக் கூட்டிட்டுப் போறேன். சத்தமில்லாம இன்னைக்குத்தான் பாத்தேன்" என்றாள். வாரத்துக்கு மூன்று கூட்டம், ஏப்ரல்வரை. ஒரே ஒரு நிபந்தனை: அதட்டுகிற அந்தப் பெரியவர் ஒவ்வொரு முறையும் வாசலில் நிற்க வேண்டுமாம். நாய்ப் பாட்டும் இருக்கட்டுமாம், பானையை மட்டும் தள்ளி வைக்கச் சொன்னாள்.

புரிகிறதா உன் தம்பியின் நிலைமை? வாரத்துக்கு மூன்று தடவை, ஏப்ரல்வரை, அதற்கு நேர் கீழே, என் பெயரும் விலாசமும் அதனிடம் இருக்கும்போது! ஆகவே முழங்கால் கடிதத்தைத் தாமதிக்காமல் போடு. மச்சானுக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் இருவரையும் கதகதப்பாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னால் பாதிக்கப்பட்ட தம்பி
பியேரா

பி.கு.: தபால்தலை இல்லாததால் இந்தக் கடிதம் இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது. அதற்குள் நடந்தது: இன்று காலை நடையில் நடக்கிறேன், காலில் ஒன்றும் இடிக்கவில்லை. வெளியே ஓடினேன். பார்த்தால் பெட்டி கூடாரத்தில் இருக்கிறது, உள்ளே விருந்தாளிகளுக்கான கம்பளிக் காலுறைகள். துணியெல்லாம் அவள் அலமாரியில். எனவே முழங்கால் கடிதம் போட வேண்டாம். என் முழங்கால் கல்லு மாதிரி இருக்கிறது, யார் கேட்டாலும் அப்படியே சொல். இன்னொன்று. நேற்று கூட்டம் போன பிறகு விறகுக் கொட்டகைக்குப் பின்னால் தனியாக நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து நானும் ஒரு விசில் அடித்தேன். நல்ல நீளம். அடித்துவிட்டு, "பியேரா இல்ல, பிக்காதான் அடிச்சா! அல்தாவுல, பாலத்துப் பக்கத்து மஞ்சள் வீடு!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே ஓடிவந்தேன். கொஞ்ச நாளைக்கு இருட்டியபின் வெளியே வராதே.