வம்சமில்லாத சிப்பிகளுக்கு மாலை

தெல்தெனியவில் தட்டுக் கழுவிய சாப்பாட்டுக் கடையை விட்டுவிட்டுக் கண்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். மழைக்கு ஒதுங்கிய இடம், படங்களுக்குச் சட்டம் போடும் கடை. வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதற்காகவே கடை திறந்து வைத்திருந்த ஒரே மனிதர் உள்ளே இருந்தார். தெருவில் அவருக்குச் சிப்பி அண்ணன் என்று பெயர்.

பழைய துரை பங்களாவின் சாமான்களோடு வந்த, அட்டை கிழிந்த வெள்ளைக்காரர் காலத்துப் புத்தகம் ஒன்றின் படங்களைச் சுவர் நிறைய மாட்டியிருந்தார். எல்லாம் கல்லாகிப் போன சிப்பிகள். சில ஆட்டுக்கொம்பாய்ச் சுருண்டவை, சில விசிறியாய் விரிந்தவை. அவற்றின் இனமே இன்று உலகத்தில் இல்லை. ஆகவே, இறந்தவர் படங்களுக்குப் போடுவதுபோல ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் மாலை, சிவப்பு பல்பு.

கடைக்கு வந்த ஒருவர் சங்கென்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“சங்கு இல்லங்க. சங்குக்குக் கடல்ல சொந்தக்காரங்க இருக்காங்க. இவங்களுக்கு நம்மள விட்டா யாரு?”

கொழும்பு அம்மா ஒருவர் குளியலறைக்கு இரண்டு படம் கேட்டார்.

“உங்க மாமனார் படத்த அங்கதான் மாட்டியிருக்கீங்களா?”

அந்த அம்மா குடையைக்கூட விரிக்காமல் மழையில் இறங்கிப் போனார்.

பிறகு பன்விலத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கணவர் போன வருடம் மண்சரிவில் போய்விட்டார். வீடு, போட்டோ, அடையாள அட்டை எல்லாம் அவரோடு போயின. மறுநாள் தலைத்திவசம். கும்பிடப் படமில்லை.

“யாராச்சும் வாங்காம விட்டுட்டுப் போன படம் இருக்குங்களாண்ணே? கொஞ்சம் அவரு சாயலா இருந்தாப் போதும்.”

“அடுத்தவ புருஷனுக்கா சோறு படைக்கப் போறீங்க?”

அந்தப் பெண் அழவில்லை. தலை குனிந்தார். சிப்பி அண்ணனும் குனிந்து பார்த்தார். அந்தப் பெண்ணின் காலில் ஆண்களின் ரப்பர் செருப்பு.

“அவருதா?”

“வாசல் இருந்த எடத்துல மண்ணுல கெடந்துச்சுண்ணே. இது ஒண்ணுதான் மிச்சம்.”

குதிகாலும் ஐந்து விரலும் அதில் குழிந்து பதிந்திருந்தன. சிப்பி அண்ணன் சுவரைக் காட்டினார்.

“இதயெல்லாம் வரைஞ்சவன் உசுரோட ஒண்ணையும் பாக்கல. கல்லுல இருந்த தடத்தப் பாத்துத்தான் வரைஞ்சான். செருப்ப வச்சிட்டுப் போங்க.”

தன் செருப்பை அவருக்குக் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்பினார். எனக்குப் போக இடமில்லை. பால் இல்லாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, விளக்கைப் பிடிக்கச் சொன்னார்.

வரையத் தெரியாத மனிதர். முதல் படம் கத்தரிக்காய் போல இருந்தது. இரண்டாவதைப் பார்த்து நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. சிப்பிப் படங்களில் இருப்பதுபோலப் புள்ளி புள்ளியாக வைத்து வந்தார். செருப்பின் வாரை விட்டுவிட்டுத் தடத்தை மட்டும் வரைந்தார். கடைசியில் அது ஒரு மனிதரின் பாதமாயிற்று. பெருவிரல் சற்று வெளியே சாய்ந்திருந்தது.

பெரிய சிப்பியின் படத்தைக் கழற்றி அந்தச் சட்டத்தில் பாதத்தை வைத்தார்.

“இவங்க ரொம்ப காலமாப் பொறுத்திருக்காங்க. இன்னும் கொஞ்சம் பொறுப்பாங்க.”

விடிந்ததும் படத்தையும் செருப்பையும் என்னிடம் கொடுத்தார்.

“கண்ணாடி ஒடைஞ்சா திரும்பி வந்துரு.”

“ஒடையாட்டி?”

ஒரு மாலையின் தூசியைத் தட்டினார்.

“ஒடையாட்டியும் வா.”

அன்று நான் சேர்ந்த வேலை அதுதான்: பன்வில பஸ்ஸில், முகம் தெரியாத ஒருவரின் பாதத்தை மடியில் வைத்து, வளைவுகளில் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது.