ஜெரார்டுக்குத் தெளிவாகக் கேட்கிறது

அலைவரிசை ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. ஊருக்கு ஒருவர் போதும். சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்குக்கு ஒருவர் இருக்கிறார். எங்கள் தெம்பனிஸ் புளோக்கில் அவர் பெயர் ஜெரார்ட்.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து மற்றவர்கள் லிட்டில் இந்தியாவில் தோசைக்கு வரிசையில் நிற்க, இவர் சிம் லிம் டவர் மின்னணுக் கடைகளில் கேபிள் பொறுக்கிக்கொண்டிருப்பார். ஒரு வானொலி நிலையமே செய்த வேலையை இன்று கணினி கணக்காகப் போட்டுவிடுகிறது, கணக்கை அலையாக மாற்ற உள்ளங்கை அளவுப் பெட்டி போதும், ஏ.எம். என்றால் குரலுக்கேற்ப அலை உயர்ந்து தாழும், எஃப்.எம். என்றால் நெருங்கி விலகும் என்று லிஃப்டில் அகப்பட்டவர்களுக்கெல்லாம், அவர்கள் மாடி வந்த பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு விளக்குவார். அனுமதி இல்லாமல் காற்றில் விடக்கூடாது என்பதால் அலை ஒரு முழக் கேபிளுக்குள்ளேயே ஓடும். மேசையின் இந்த முனையில் பேசினால் அந்த முனை ரேடியோவில் கேட்கும். சும்மா பேசினாலும் கேட்குமே என்கிறீர்களா? அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இத்தனை பாடுபட்டு என்னதான் பேசுவார்? "ஹலோ, டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." அதையும் பத்திரமாகப் பதிவு செய்துகொள்வார்.

ஒரு சனிக்கிழமை அவர் மகள் ஜோவன்னா அறைக்குள் வந்தாள். பல நாள் ஒத்திகை பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்ல வந்திருந்தாள். வாய் திறப்பதற்குள் கையில் மைக்கைத் திணித்தார் ஜெரார்ட். சரி, இதிலேயே சொல்லிவிடலாம் என்று துணிந்தாள்.

"அப்பா, நான் நிதீஷைத்தான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். அவர் இந்துதான். உங்களுக்குச் சம்மதமா?"

ஜெரார்டின் கண் திரையில் ஓடும் அலைமேல் இருந்தது. "ஏ.எம்.ல அலையோட தலை வெட்டுப்படுதும்மா. எஃப்.எம். போடறேன், மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னாள்.

"சூப்பர் லா. ஒரு குறையும் இல்ல."

ஜோவன்னா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். எஃப்.எம்.மின் தரத்துக்காக ஒருவர் அழுது அவர் பார்த்தது அதுவே முதல் முறை. அவருக்கே கண் கலங்கிவிட்டது.

மறுவாரம் நிதீஷின் பெற்றோர் பழத்தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். யாரைக் கேட்டு இவர்களை வரச் சொன்னாய் என்று சமையலறையில் மகளிடம் சீறினார் ஜெரார்ட். அவள் அந்தச் சனிக்கிழமை அவர் செய்த பதிவையே ஓடவிட்டாள்.

இந்த முறை பார்க்கத் திரை இல்லை. அலையின் தலையை வெட்டியது ஏ.எம். அல்ல, பயத்தில் தாறுமாறாக எழும்பிய மகளின் குரல் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மிகவும் வெட்கமாக இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போய், பழத்தட்டை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஜெரார்டை நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதை வாசித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்கள். நீங்களும் "ம்" என்று தலையாட்டினீர்கள். எதற்குச் சம்மதித்தீர்கள் என்று போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.