விட்டு விட்டு வாந்தி எடுத்த நர்ஸ்

இங்கிலாந்தின் வடக்கே ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் நோயில் விழுவதற்கும் கணக்கு உண்டு. எத்தனை தடவை லீவு போட்டாளோ அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, மொத்த நாட்களாலும் பெருக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டினால் எச்சரிக்கை. நூற்றைத் தாண்டினால் வீடு.

ஏழாம் வார்டு ஜேனிஸ் ஆக்ராய்டுக்கு அந்தக் குளிர்காலத்தில் மூன்று தடவை வாந்தி. வார்டுக் கிழவர்களின் வாயைத் துடைத்துவிட்டதற்குக் கிடைத்த வெகுமதி. ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் வெளியே இருந்தே ஆக வேண்டும் என்பது இன்னொரு விதி. லீவு முடிந்து வருகிறவர்களைக் கனிவுடன் விசாரிக்க நியமிக்கப்பட்ட அதிகாரி கீத் பாட்டம்லி, முதலில் தேநீரும் பிறகு எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார்.

"அம்பத்து நாலு, ஜேனிஸ். எனக்கே மனசு கேக்கல."

"நம்ம வார்டு லொரெய்ன் முதுகுவலின்னு நாப்பது நாள் வரலையே. அவளுக்கு?"

"நாப்பதுதான். ஒரே மூச்சுல முடிச்சிட்டா பாருங்க. நீங்கதான் விட்டு விட்டு எடுக்கறீங்க."

"வாந்தி என்னைக் கேட்டுக்கிட்டா வருது, கீத்?"

"வந்தா வரட்டும். அவசரப்பட்டு எழுந்து வராதீங்கன்னுதான் சொல்றேன்."

இந்த அரிய ஆலோசனை வார்டெங்கும் பரவியது. தும்மியவர்கள் எல்லாரும் நாற்பது நாள் படுத்தார்கள். ஒருவரும் ஐம்பதைத் தொடவில்லை. ஜேனிஸுக்கு மட்டும் அந்தச் சுகம் இல்லை. நான்காவது தடவை ஒரே ஒரு நாள் போனாலும் வேலை போய்விடும். வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி இரண்டு பிள்ளைகள். காய்ச்சலோடு வந்து இருபத்தெட்டுப் படுக்கைகளையும் தனியாளாகப் பார்த்தாள். பாவம், நின்றுகொண்டே தூங்கினாள்.

அந்த எண்களைப் பார்த்து மேலிடம் பூரித்தது. வருகை ஒழுங்கில் தலைசிறந்த வார்டு என்று ஏழாம் வார்டுக்கு விருது அறிவித்தது. புகைப்படத்துக்குச் சீருடையில் ஒரு நர்ஸ் தேவை. எழுந்து நடமாடியவள் ஜேனிஸ் ஒருத்திதான். கீத்தே தன் காரில் லீட்ஸ் நகரில் நடந்த விழாவுக்கு அழைத்துப் போனார். சபை கைதட்டியபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை தேநீர் வந்தது. கடிதமும் வந்தது.

"நூத்திப் பன்னெண்டு, ஜேனிஸ். நேத்து நீங்க வார்டுல இல்ல."

"நீங்கதானே கார்ல கூட்டிட்டுப் போனீங்க?"

"அதனாலதான் எனக்கு உறுதியாத் தெரியுது."

ஜேனிஸ் வார்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஐம்பதைத் தாண்டிய ஒரே பெயரும் நீங்கி ஏழாம் வார்டு அப்பழுக்கற்றதாயிற்று. அன்று மதியம் கீத் விருதைச் சுவரில் மாட்டும்போது இருபத்தெட்டுப் படுக்கைகளின் மணிகளும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. ஒன்பதாம் படுக்கையில் மணியை அழுத்திக்கொண்டிருந்தவர் கீத்தின் அப்பா.